திறப்பு விழாவுக்கு முன்னும் பின்னும்: ஒரு புறநகர் மாநகராட்சியின் பூங்காக்கள்

வளரும் புறநகரில் பூங்கா நிர்வாகம் என்பது முதலில் நிலக் கணக்கு, கடைசியில் கூலிக் கணக்கு. டெண்டர், கட்டுமானம், வண்ணப்பூச்சு, திறப்பு விழா எல்லாம் இரண்டுக்கும் நடுவில் வருபவை. செய்தித்தாளில் படம் வருவது இந்த நடுப்பகுதிக்குத்தான். ஆனால் ஒரு தெருவுக்குப் பூங்கா உண்டா இல்லையா என்பது மனைப்பிரிவு வரைபடத்தில் கையெழுத்து விழும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கட்டிய பூங்கா பத்து ஆண்டு கழித்தும் பூங்காவாகவே இருக்குமா என்பதை மாதாமாதம் போடும் சம்பளப் பட்டியல் முடிவு செய்கிறது. சென்னைக்குத் தெற்கே உள்ள தாம்பரம் மாநகராட்சியை வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. பரப்பு சுமார் 87 சதுர கிலோமீட்டர், வார்டுகள் 70. 2011 கணக்கெடுப்பின்படியே இந்த எல்லைக்குள் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். அதற்குப் பிறகு எழும்பிய அடுக்குமாடிகளைப் பார்த்தால் இன்றைய எண்ணிக்கை எவ்வளவோ கூடியிருக்க வேண்டும். பத்து உள்ளாட்சிகள் இணைந்தால் பத்து அலுவலகங்களின் பதிவேடுகளும் இணைய வேண்டும். பேரூராட்சிக் காலத்துப் பூங்கா ஒன்றின் தானப் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடுவதிலிருந்துதான் இத்தகைய மாநகராட்சியின் பூங்கா வேலை தொடங்குகிறது.

சென்னை நகரின் பழைய பகுதிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. தியாகராய நகர் 1920களில் உருவானபோது நடுவில் பனகல் பூங்காவை வைத்து, அதைச் சுற்றித் தெருக்களை இழுத்தார்கள். அண்ணா நகரில் 1968 உலக வர்த்தகப் பொருட்காட்சிக்காக எழுந்த கோபுரம் இன்று விசுவேசுவரய்யா பூங்காவின் அடையாளமாக நிற்கிறது. அங்கெல்லாம் ஓர் அரசு அமைப்பு நிலத்தை மொத்தமாகக் கையில் வைத்துக்கொண்டு வரைபடம் போட்டது. தெற்குப் புறநகரின் பெரும்பகுதி அப்படி எழவில்லை. நெல் விளைந்த வயல், தோப்பு, களம் என்று துண்டுதுண்டாக விற்பனைக்கு வந்த நிலத்தை ஆளுக்கொரு புரமோட்டர் வாங்கி, தனித்தனியே கல் நட்டு மனை பிரித்தார். ஒருவரின் வரைபடத்தில் அடுத்தவரின் வரைபடம் தெரியாது. தெருக்கள் ஒன்றோடொன்று இடறி நிற்பது போலவே பூங்காக்களும் இடறி நிற்பதற்கு இதுவே காரணம்.

இப்படிப்பட்ட ஊரில் பூங்காவுக்கு நிலம் வரும் முக்கிய வழி, திறந்தவெளி ஒதுக்கீடு என்ற விதி. அலுவலகங்களில் அதை ஓ.எஸ்.ஆர். நிலம் என்றே சொல்வார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதைத் தெளிவாக வகுத்திருக்கின்றன. மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒதுக்கீடு வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 வரை என்றால் சாலை நீங்கலாக உள்ள இடத்தில் பத்து விழுக்காட்டை விட வேண்டும். இடமாகத் தர முடியாத நிலையில் வழிகாட்டி மதிப்பின்படி பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணத்துக்கு இடமில்லை. நிலத்தையே தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும்.

விதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை ஏக்கர், அதாவது 10,000 சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான ஒரு மனைப்பிரிவு. சாலைக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போனால் மிச்சம் ஏறத்தாழ 7,000. அதில் பத்து விழுக்காடு 700 சதுர மீட்டர். மனை வாங்குவோர் பாஷையில் மூன்று கிரவுண்டு. ஒரு நடைபாதை, இரண்டு ஊஞ்சல், நாலு பெஞ்சு போட்டால் நிறைந்துவிடும் இடம். மட்டைப்பந்து ஆட முடியாது. அந்த மூன்று கிரவுண்டும் எங்கே அமையும் என்றால், புரமோட்டரால் விற்க முடியாத மூலையில் அமையும்: உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே, ஓடைக் கரையில், முக்கோணமாக முடியும் முட்டுச்சந்தில். விதியின் எழுத்து மீறப்பட்டிருக்காது. பக்கத்துப் பக்கத்து மூன்று மனைப்பிரிவுகளின் ஒதுக்கீட்டை ஓரிடத்தில் சேர்த்துவைக்க அனுமதி தரும் அலுவலர் வற்புறுத்தினால் ஒன்பது கிரவுண்டில் உருப்படியான பூங்கா கிடைக்கும். அதற்கு மூன்று மனுக்களும் ஒரே சமயத்தில் மேசைக்கு வர வேண்டும், வருவதில்லை.

பணமாகக் கட்டும் வழியிலும் ஒரு இழப்பு ஒளிந்திருக்கிறது. வழிகாட்டி மதிப்பு சந்தை விலைக்குக் கீழேயே இருப்பது ஊரறிந்த விஷயம். அந்த மதிப்பில் வாங்கிய தொகையை எடுத்துக்கொண்டு அதே வட்டாரத்தில் அதே அளவு நிலம் வாங்கப் போனால் கிடைக்காது. இதைவிடப் பெரிய ஓட்டை, அனுமதியே பெறாமல் போட்ட மனைப்பிரிவுகள். பல பத்தாண்டுகளாக ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடு, ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில், சட்டப்படி செல்லாத மனைகள் ஆயிரக்கணக்கில் விற்கப்பட்டன. 2016இல் உயர் நீதிமன்றம் இவற்றின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்ட பிறகு, 2017இல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் செலுத்தினால் மனை சட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் வீடு எழும்பிவிட்ட தெருவில், வரைபடத்தில் என்றுமே இல்லாத பூங்காவை எந்தக் கட்டணமும் கொண்டுவந்துவிடாது.

தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு அளவுகோல் உண்டு. மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டி, தலைக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருப்பது நல்லது என்கிறது. குறைந்த அளவையும் பழைய மக்கள்தொகையையும் வைத்தே கணக்கிட்டாலும் தாம்பரத்துக்கு 70 லட்சம் சதுர மீட்டர், அதாவது 7 சதுர கிலோமீட்டர் வேண்டும். மாநகராட்சிப் பரப்பில் எட்டு விழுக்காடு. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வளாகம் 365 ஏக்கர். அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நிலம். மூன்று கிரவுண்டு, நான்கு கிரவுண்டாகச் சேர்த்து இந்தத் தொகையை ஒருநாளும் எட்ட முடியாது.

மேலிருந்து எடுத்த படத்தில் தாம்பரம் பச்சையாகத்தான் தெரியும். கல்லூரி வளாகம், விமானப் படைத் தளம், 1928இல் தொடங்கிய பழைய சானடோரியத்தின் மருத்துவமனை வளாகம் என்று மரங்கள் அடர்ந்த இடங்கள் பல. அவை ஊரைக் குளிர்விக்கும், பறவைக்கு இடம் தரும், மழைநீரை உறிஞ்சும்; ஆனால் மாலையில் குழந்தையை அழைத்துப் போகிற இடங்கள் இல்லை. வாசலில் காவலாளி நிற்கிறார். கிராமமாக இருந்த காலத்தில் மேய்க்கால், மந்தைவெளி, களத்துமேடு, கோயில் திடல் என்று எல்லாருக்கும் பொதுவான வெளிகள் இருந்தன. ஊர் நகரமானபோது அந்தப் புறம்போக்குகளில்தான் அரசு அலுவலகமும் பேருந்து நிலையமும் குடிநீர்த் தொட்டியும் வந்தன. வேறு எங்கே கட்டியிருக்க முடியும் என்ற கேள்வியும் நியாயமானதே.

கிடைத்த நிலத்தைக் காப்பாற்றுவதற்கான சட்டம் பழையது. தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் மற்றும் திறந்தவெளிகள் (பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம், 1959, ஒவ்வோர் உள்ளாட்சியும் தன்னிடமுள்ள பூங்காக்களையும் திடல்களையும் வரைபடத்தோடு பட்டியலிட வேண்டும் என்கிறது. பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் அனுமதியின்றி வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பூங்கா நிலத்தின் மதிப்பை நாடு முழுவதற்கும் நிலைநாட்டிய தீர்ப்பு பெங்களூரிலிருந்து வந்தது. பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்துக் குடியிருப்போர் வழக்காடினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கில் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. மருத்துவமனையும் பொதுநலம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட என்ன உரிமை என்ற கேள்வியும் நிற்கவில்லை.

இந்தத் தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டியவர்களில் உள்ளாட்சிகளே முதலில் வருவார்கள். ஓ.எஸ்.ஆர். நிலத்தை ஆக்கிரமிப்பவர் என்றதும் குடிசை போட்டவரின் முகமே நினைவுக்கு வருகிறது. ஆனால் மேல்நிலைத் தொட்டி, நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, மின்மாற்றி, கழிவுநீரேற்று நிலையம், வார்டு அலுவலகம் என்று பூங்கா மனையை ஓரம் ஓரமாக அரித்தெடுப்பதில் அரசுத் துறைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஒவ்வொன்றும் தேவையானதே, அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் மறுப்பு சொல்வது கடினம். தடுப்பு வேலை எல்லாம் சலிப்பூட்டும் வகையைச் சேர்ந்தது: தானப் பத்திரத்தைப் பதிவு செய்வது, பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்றுவது, நில அளவையரை வைத்து நான்கு மூலையிலும் கல் நடுவது, புல எண்ணோடு பலகை வைப்பது, சொத்துப் பதிவேட்டில் ஏற்றுவது. கம்பி வேலி போட்டு இரண்டு வேப்பங்கன்று நட்டாலும் போதும். வெறும் மனையாகக் கிடப்பதைவிட அது பாதுகாப்பு. நிதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட மனைகளில்தான் கட்டடக் கழிவும் பழைய காரும் வந்து சேர்கின்றன.

கட்டுமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் பெரும்பாலான புறநகர்ப் பூங்காக்கள் ஒரே மதிப்பீட்டிலிருந்து நகலெடுத்தவை போலவே இருக்கும். சுற்றுச்சுவர், பேவர் பிளாக் பாதை, எட்டு வடிவ நடைபாதை, இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள், நீரூற்று, சிமென்டில் செய்த மானோ காளானோ ஒன்று, திறந்துவைத்தவர் பெயரோடு கல்வெட்டு. நீரூற்று ஓராண்டு ஓடினால் அதிகம்; பிறகு அது கொசு வளர்க்கும் தொட்டி. சிறிய பூங்காவுக்கு நீரூற்று வேண்டாம் என்று விதியே போட்டுவிடலாம். அந்தத் தொகைக்கு ஒரு கழிப்பறை கட்டலாம். கழிப்பறை இல்லாத பூங்காவில் சர்க்கரை நோயுள்ள முதியவரும் சின்னக் குழந்தையோடு வரும் தாயும் அரை மணிக்கு மேல் உட்கார மாட்டார்கள்.

குழந்தைகளின் பகுதியை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஊஞ்சலில் முதலில் தேய்வது பலகையும் சங்கிலியும் இல்லை. சங்கிலியை மேற்குழாயில் மாட்டியிருக்கும் கொக்கி. எண்ணெய் காணாத கொக்கி இரும்போடு இரும்பு உரசி மெலிந்துகொண்டே வரும். வெளிப் பார்வைக்குத் தெரியாது. கிறீச்சென்ற சத்தம்தான் முன்னறிவிப்பு. மாதம் ஒருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்த்து, பாதி தேய்ந்ததை மாற்ற ஓர் ஆள் வேண்டும்; செலவு சில நூறு ரூபாய். ஊஞ்சலுக்கும் சறுக்கு மரத்துக்கும் கீழே சிமென்ட் தளம் போடவே கூடாது. ஒரு சாணுக்குக் குறையாமல் மணல் வேண்டும். கால் படப்பட ஊஞ்சலுக்கு நேர் கீழே மணல் குழிந்துவிடும் என்பதால் அதையும் வாரம் ஒருமுறை இழுத்துச் சமன் செய்ய வேண்டும். மேற்குப் பார்த்து வைத்த தகரச் சறுக்கு மரம் மே மாதத்து மாலை நான்கு மணிக்குத் தோசைக்கல்லாகக் காய்கிறது. வடக்குப் பார்த்து, மர நிழலில் வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. இதற்குக் கூடுதல் செலவு எதுவும் கிடையாது. வரைபடம் போடுகிறவர் வெயில் நேரத்தில் ஒருமுறை இடத்தைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரு சக்கர வண்டி உள்ளே வராமல் தடுக்க வளைந்து வளைந்து போகும் இரும்புக் கம்பித் தடுப்பை வைப்பார்கள். சக்கர நாற்காலியும் குழந்தையின் தள்ளுவண்டியும் அதில் நுழைய முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொது இடங்களைத் தடையின்றி அமைக்கச் சொல்கிறது. ஆனால் ஸ்கூட்டரின் கைப்பிடி அகலமும் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறத்தாழ ஒன்றே. ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்கும் இரும்புத் தடுப்பு எதுவும் கிடையாது. ஆகவே அகலமான வாசலும் அதில் ஓர் ஆளும் என்பதே விடை. இரும்பால் தீராத சிக்கலுக்குச் சம்பளம்தான் தீர்வு என்பது பூங்காவில் திரும்பத் திரும்ப வரும் பாடம்.

மரத் தேர்வில் சென்னைப் பகுதிக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயல் நகரெங்கும் மரங்களைச் சாய்த்தது. வேகமாக வளரும், அழகாகப் பூக்கும் என்பதற்காக நட்ட மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் அதிகமாக விழுந்த வகைகளில் சேரும். பூவரசு, புன்னை, புங்கன், வேம்பு, நாவல், மருது போன்றவை மெல்ல வளரும், காற்றுக்கு ஈடுகொடுக்கும். நட்ட மரத்தின் அடிவரை பேவர் பிளாக்கை இறுக்கிப் பதிப்பதால் வேர் மேலோட்டமாகவே ஓடி, நல்ல வகை மரமும் விழுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சப்பானியத் தாவரவியலர் அகிரா மியாவாகியின் முறைப்படி நெருக்கமாக நடும் குறுங்காடுகள் இப்போது பரவலாகி வருகின்றன. ஓடைக்கரைத் துண்டு நிலங்களுக்கு அவை பொருந்தும். பிள்ளைகள் விளையாடும் ஒரே மனையில் குறுங்காடு போட்டால் உள்ளே யாரும் நுழைய முடியாது. மரம் கிடைக்கும், பூங்கா போய்விடும்.

தண்ணீர்க் கணக்கு எளிது. இருந்தும் மதிப்பீட்டில் அது இடம்பெறுவது அபூர்வம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். கோடையில் புல்தரை நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு நீரை இழக்கிறது. 700 சதுர மீட்டர் பூங்காவில் பாதிக்குப் புல் விரித்தால் நாளுக்கு 1,750 லிட்டர், மாதத்துக்கு 52,500 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் நாலரை நடை. எதிர்த் தெருவில் குடிநீருக்குக் குடத்தோடு மக்கள் காத்திருக்கும்போது பூங்காவின் போர் மோட்டார் ஓடுவது எவருக்கும் பொறுக்காது. புல்தரையைச் சுருக்கி, நிழல் மரங்களுக்குக் கீழே மண்தரையை அப்படியே விடுவதுதான் தெற்குப் புறநகரின் நிலத்தடி நீருக்கு ஏற்றது. மண் என்றால் அழுக்கு என்ற எண்ணம் மதிப்பீடு தயாரிப்பவரிடமும் வார்டு மக்களிடமும் ஒருசேர இருப்பதால் இது எளிதில் நடப்பதில்லை.

மழை நாளில் கணக்கு தலைகீழாகிறது. 2015 டிசம்பர் 2 அன்று காலை முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. மேலே சொன்ன மூன்று கிரவுண்டு மனையில் மட்டும் அன்று 3.4 லட்சம் லிட்டருக்கு மேல் நீர் விழுந்திருக்கும். தரை முழுவதும் கல் பதித்திருந்தால் அவ்வளவும் தெருவுக்கு ஓடும். முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகள் அந்த ஆண்டு பட்ட பாடு தெரிந்ததே. பூங்காவைத் தெரு மட்டத்துக்கு மேலே மண் கொட்டி உயர்த்தாமல் சற்றுத் தாழ்வாக வைத்து, நடுவில் ஆழமில்லாத குளம் வெட்டி, சுற்றுத் தெருக்களின் மழைநீரை அதில் இறங்க விடும் ‘ஸ்பாஞ்ச் பூங்கா’ முறையைச் சென்னை மாநகராட்சி பல இடங்களில் செய்திருக்கிறது. புறநகருக்கு அது இன்னும் பொருத்தம். ஒரு நிபந்தனை: தெருவிலிருந்து வரும் குழாயில் கழிவுநீர் கலக்காமல் இருக்க வேண்டும். பாதாளச் சாக்கடை முழுமையாக வராத தெருக்களில் வீட்டுக் கழிவு மழைநீர்க் கால்வாயில்தான் போகிறது. அங்கே குளம் வெட்டினால் கிடைப்பது செப்டிக் டேங்க்.

புறநகரின் பெரிய திறந்தவெளிகள் ஏரிகள்தான். ஓ.எஸ்.ஆர். மனைகளால் எட்ட முடியாத அளவை அவை ஒரேயடியாகத் தருகின்றன. சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, பல்லாவரம் பெரிய ஏரி என்று பட்டியல் நீளும். இவற்றில் பல சங்கிலியாக இணைந்தவை. சிட்லபாக்கத்தின் உபரி செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் போகும். பள்ளிக்கரணை 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பாசனத்துக்கு வயல் இல்லாமல் போனதும் ஏரிக்கு வேலை இல்லை என்று எண்ணப்பட்டது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கத்துக்குச் செல்லும் ரேடியல் சாலை போகிறது; ஏரியில் குப்பையும் கொட்டப்பட்டது.

ஏரியைப் பூங்காவாக்கும் வேலையில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. தமிழ்நாட்டு ஏரி பிறை வடிவானது. தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை இருக்கும். மேட்டுப் பக்கம் திறந்து கிடக்கும். நீர் உள்ளே வருவது அந்தத் திறந்த பக்கத்திலிருந்து, பரவலாக. நடைப்பயிற்சிக்குச் சுற்றுப்பாதை வேண்டும் என்று நான்கு பக்கமும் கரை எழுப்பினால் ஏரி தொட்டியாகிவிடுகிறது. வரத்து நீர் கரைக்கு வெளியே, குடியிருப்புக்குள் தேங்கும். கரையோரம் சரிவாக மண் இருந்தால் நாரையும் உள்ளானும் இறங்கும். கல் பதித்துச் செங்குத்தாக்கினால் வராது. பாதை கரையின் மேல் மட்டும், அதாவது பிறையின் வளைவில் போய்வந்தால் போதும். வட்டமாக நடந்தே ஆக வேண்டும் என்று யாருக்கும் மருத்துவர் எழுதிக்கொடுக்கவில்லை.

சிட்லபாக்கம் ஏரி இவ்விஷயத்தில் பாடம் சொல்லும் இடம். 80 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. 2019 கோடையின் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் குடியிருப்போரும் தன்னார்வலர்களும் ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு வற்றிய ஏரிக்குள் இறங்கினார்கள். பிறகு அரசு நிதியில் தூர்வாரல், கரை, நடைபாதை எல்லாம் வந்தன. ஏரி பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பு. கரை விளக்கும் குப்பையும் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர் நுழையும் இடம் எவருடையது என்பதில் கடிதப் போக்குவரத்து நடக்கும். இரண்டு துறைகளும் எழுத்தில் ஒப்பந்தம் செய்து, எந்தப் பல்பு எரியவில்லை என்றால் எந்த அலுவலகம் என்பது வரை பிரித்துக்கொண்டால்தான் ஏரிப் பூங்கா நிற்கும். ஆவடியில் 2019இல் திறக்கப்பட்ட பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா நடைபாதை, படகு என்று கூட்டத்தை ஈர்த்தது. அத்தகைய இடத்தில் உண்மையான பராமரிப்பு என்பது கரையழகில் இல்லை, ஏரிக்குள் வரும் நீரின் தரத்தில் இருக்கிறது.

இனி ஆள் கணக்கு. சின்னப் பூங்காவுக்குத் தேவை காலை மாலை திறந்து பூட்ட ஒருவர், செடிக்கும் கூட்டுவதற்கும் ஒருவர். இந்த இருவருக்கும் நிரந்தரப் பணியிடம் பெரும்பாலும் இல்லை. ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறார்கள். ஓர் ஆளுக்கு நான்கு பூங்கா என்று ஒப்பந்தம் போனால் சாவி அவர் சைக்கிளில் தொங்கிக்கொண்டிருக்கும், பூங்கா பூட்டியே இருக்கும். ஒப்பந்தத்தில் ‘பராமரிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதாமல், புல் எத்தனை நாளுக்கொருமுறை வெட்ட வேண்டும், ஊஞ்சல் கொக்கி எப்போது பார்க்க வேண்டும், உடைந்த கருவியை எத்தனை நாளில் அகற்ற வேண்டும் என்று பிரித்து எழுதினால்தான் பில்லைக் குறைக்கவோ நிறுத்தவோ பொறியாளருக்குப் பிடி கிடைக்கும்.

குடியிருப்போர் நலச்சங்கத்திடம் ஒப்படைப்பது மற்றொரு வழி. மத்திய அரசின் அம்ருத் திட்டம் 2015இல் தொடங்கியபோது, மாநிலத் திட்டத் தொகையில் 2.5 விழுக்காடு வரை பூங்காக்களுக்குத் தந்தது. பராமரிப்பில் அக்கம்பக்கத்தாரைச் சேர்க்கவும் சொன்னது. சங்கங்களின் கையில் பூங்கா பளிச்சென்று இருப்பது உண்மை. பந்து விளையாடாதே, புல்லில் உட்காராதே, வெளித்தெருப் பிள்ளைகள் வரக் கூடாது என்ற பலகைகளும் அங்கேதான் முளைக்கின்றன. செடிக்கும் சுத்தத்துக்கும் சங்கம், யார் உள்ளே வரலாம் என்பதற்கு மாநகராட்சி என்று அதிகாரத்தைப் பிரித்து வைப்பது நல்லது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு தருகிறது. பணம் திரட்ட முடிந்த குடியிருப்புக்கே பூங்கா என்ற கோணல் இதில் உண்டு. அதைச் சரிக்கட்ட மாநகராட்சி தன் சொந்த நிதியை எளிய வார்டுகளுக்குத் திருப்ப வேண்டியிருக்கும்.

கட்டணம் வாங்கலாமா என்பது ஓயாத விவாதம். 2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்கள் சிலவற்றைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் உடனே கைவிட்டது. வடசென்னைப் பையன்கள் கால்பந்து ஆடும் திடலுக்கு அந்தத் தொகை அபத்தம். அதே சமயம் செயற்கைப் புல்லுக்கு ஆயுள் குறைவு, மாற்றும் செலவு மிக அதிகம் என்பதும் உண்மை. இலவசமாக நடத்த வேண்டிய திடலுக்கு மண்தரையே உகந்தது. புறநகரில் தனியார் ‘டர்ஃப்’ திடல்கள் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. காசுள்ள இளைஞர்கள் அங்கே போய்விடுவதால் பொதுத் திடலுக்காகக் கேட்கும் குரல் மெலிந்துவிடுகிறது.

திடல் பூங்காவைவிட அரிதானது. நல்ல கால்பந்துத் திடலுக்கு ஒன்றரை ஏக்கருக்கு மேல் வேண்டும், ஓ.எஸ்.ஆர். வழியில் அது அநேகமாகக் கிடைக்காது. பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும் மாநகராட்சிப் பள்ளிகளின் திடலைத் திறந்துவிடுவதுதான் செலவு குறைந்த வழி. தலைமையாசிரியரின் தயக்கமும் நியாயமானதே: கண்ணாடி உடைந்தால் யார், இரவில் குடிப்பவரை யார் விரட்டுவது? மறுபடியும் ஒரு காவலாளியின் சம்பளத்தில் வந்து நிற்கிறது கேள்வி. பெண் பிள்ளைகளுக்கென்று நேரம் ஒதுக்காத திடலை மாலையில் பையன்களே நிறைத்துவிடுவார்கள். வாரத்தில் இரண்டு மாலை இறகுப்பந்துக்கோ எறிபந்துக்கோ பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, விளக்கும் கழிப்பறையும் இருந்தால் கூட்டம் வரும். பூங்காவை நடுப்பகலில் பூட்டும் பழக்கமும் ஆராயத் தக்கது. வீட்டு வேலை முடித்து வரும் பெண்களுக்கும், ஒற்றை அறை வீட்டில் படிக்கும் மாணவருக்கும், உணவு விநியோக ஊழியருக்கும் அந்த நேரத்தில்தான் நிழல் தேவைப்படுகிறது.

எந்த வார்டுக்கு எது முதலில் என்பதைப் பேச ஓர் அரங்கு இப்போது சட்டப்படி இருக்கிறது. தமிழ்நாட்டின் நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் 2022இல் நடைமுறைக்கு வந்தன; அவ்வாண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். இத்தகைய கூட்டங்களில் பூங்கா பற்றிய பேச்சு எரியாத விளக்கு, தெருநாய் என்பதோடு முடிந்துவிடக் கூடும். மாநகராட்சி தன் பக்கத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தால் பேச்சு மாறும்: வார்டில் உள்ள பூங்காக்கள், திடல்கள், வெறுமையாகக் கிடக்கும் ஓ.எஸ்.ஆர். மனைகள், ஒவ்வொன்றின் புல எண், பரப்பு, தானப் பத்திரம் உண்டா, பட்டா யார் பெயரில், வேலையாள் எத்தனை பேர், கடந்த மாதச் செலவு எவ்வளவு. பூங்காவே இல்லாத வார்டுகளின் பட்டியலை இதிலிருந்தே எடுத்துவிடலாம்; ஒதுக்கீட்டுக்குப் பதிலாக வசூலான பணத்தில் நிலம் வாங்கும்போது அந்த வார்டுகளுக்கு முன்னுரிமை தரலாம். மண்டல அலுவலகம் ஒவ்வொன்றிலும் இந்தத் தாளை ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் பொறுப்பை ஒரே எழுத்தரிடம் விடுவதும், அவர் மாற்றலாகும்போது சாவிக்கொத்தோடு சேர்த்து இதையும் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பதும் நடைமுறைக்கு எளிது.